பிறசர் ஏறினால் தெரியுமா?

விட்பியில் புறொக் வீதியும் டண்டாஸ் வீதியும் வெட்டிக்கொள்ளும் பழைய நாற்சந்திக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மருந்துக்கடை. மருந்துக்குக் காத்திருப்போருக்குப் போட்ட மூன்று கதிரைகளின் பக்கத்தில், கையை நுழைத்தால் தானே இறுக்கிப் பிடிக்கும் இரத்த அழுத்த இயந்திரம் ஒன்று நிற்கிறது. போன மாசியில், வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு பின்னேரம், எனக்கு முன்னால் ஒரு ஐயா அதில் உட்கார்ந்தார். எழுபது வயது மதிக்கலாம். தடித்த குளிர் அங்கியைக் கழற்றாமலே கையை விட்டார்.

"கோட்டைக் கழட்டிப்போட்டு வையுங்கோவன்," என்றார் கூட வந்த அம்மா.

"நீர் பேசாமல் நில்லும்."

திரையில் 168/94 என்று வந்தது. ஐயா அதைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "மெஷின் பிழை, தம்பி. எனக்குப் பிறசர் ஏறினா எனக்குத் தெரியும். பிடரி இழுக்கும், கண் மங்கும். இப்ப ஒண்டும் செய்யேல்லை."

"குளிசையையும் நிப்பாட்டிப்போட்டார்," என்றார் அம்மா, எனக்கா இயந்திரத்துக்கா என்று தெரியாத குரலில். "ரெண்டு மாசமாச்சு."

'ஏறினா எனக்குத் தெரியும்' என்ற அந்த ஐயாவின் நம்பிக்கை எங்கள் வீடுகளில் எல்லாருக்கும் பொது. தமிழில் 'பிறசர்' என்பது ஓர் உணர்ச்சியின் பெயராகிவிட்டது. மருமகனோடு கதைத்தால் பிறசர் ஏறும். வீட்டுக்கடன் வட்டி ஏறினால் பிறசர் ஏறும். தலை சுற்றினால் பிறசர், கை நடுங்கினால் பிறசர், கோபம் வந்தால் கட்டாயம் பிறசர். மருத்துவர் சொல்லும் இரத்த அழுத்தம் இவற்றில் எதுவுமில்லை. அது வெறும் எண். வலிக்காது, சுடாது, இழுக்காது. ஆண்டுக்கணக்காகக் கூட இருந்துவிட்டு ஒருநாள் இதயத்திலோ மூளையிலோ சிறுநீரகத்திலோ கணக்கைத் தீர்த்துக்கொள்ளும்.

அந்த எண் எதை அளக்கிறது? இங்கிலாந்தில் ஸ்டீபன் ஹேல்ஸ் என்ற பாதிரியார் ஒரு பெண்குதிரையைக் கட்டிப் படுக்கவைத்து, அதன் தொடை நாடிக்குள் பித்தளைக் குழலைச் செருகி, அதோடு நீளமான கண்ணாடிக் குழாயைப் பொருத்தினார். இரத்தம் குழாயில் 8 அடி 3 அங்குலம் ஏறி நின்றது. 1733இல் அதைப் புத்தகமாக வெளியிட்டார். குதிரையின் நிலையை நினைத்தால் எனக்கு இன்றும் சங்கடந்தான். ஆனாலும் இரத்த அழுத்தம் என்றால் என்ன என்பதற்கு இதைவிட நேரான விளக்கத்தை நான் கண்டதில்லை: இதயம் இரத்தத்தை எவ்வளவு உயரத்துக்கு எறிய வல்லது என்பதுதான் அது.

இன்று இரசத்தின் மில்லிமீற்றரில் சொல்கிறோம். இரசம் தண்ணீரைப்போல 13.6 மடங்கு கனமானது என்பதால் எண்கள் சிறிதாகத் தெரிகின்றன. இரத்தமாக மாற்றிப் பாருங்கள். 120 என்றால் ஏறத்தாழ 5 அடி. ஐயாவின் 168 என்றால் 7 அடி. விட்பி வீடுகளின் நிலவறைகளில் கூரை பெரும்பாலும் 8 அடிக்கு மேல் இராது. மேல் எண் 190 உள்ள ஒருவர் அங்கே நிலத்தில் படுத்திருக்க, ஹேல்ஸின் குழாயைப் பொருத்தினால் இரத்தம் கூரையைத் தொட்டுவிடும். அந்த மனிதர் அப்போதும் தேத்தண்ணி கேட்டுக்கொண்டுதான் இருப்பார்.

குழாய் செருகாமல் எளிதாக அளக்க நூற்று அறுபது ஆண்டுகளுக்கு மேல் பிடித்தது. 1896இல் இத்தாலியின் ரிவா-ரொச்சி, சைக்கிள் ரியூப்பைக் கைப்பட்டையாகச் சுற்றிக் காற்றடித்து, மணிக்கட்டில் நாடித்துடிப்பு மறையும் இடத்தைக் குறித்துக்கொண்டார். அதில் மேல் எண் மட்டுமே கிடைத்தது. 1905இல் சென் பீற்றர்ஸ்பேர்க்கில் நிக்கொலாய் கொறொற்கொவ் என்ற இளம் இராணுவ வைத்தியர் பட்டைக்குக் கீழே ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டார். பட்டையைத் தளர்த்தும்போது 'டப், டப்' என்று ஓசை தொடங்கும் இடம் மேல் எண், ஓசை அடங்கும் இடம் கீழ் எண். ஒரு பக்கத்துக்குள் அடங்கிய அறிக்கை அது. நூறு ஆண்டுகளுக்கு மேலாக உலகம் முழுவதும் வைத்தியர்கள் அதைத்தான் செய்தார்கள்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. பட்டை கட்டாத கையில், முழங்கை மடிப்பில், ஸ்டெதஸ்கோப்பை வைத்தால் எதுவும் கேட்காது. தடையில்லாமல் ஓடும் இரத்தத்துக்கு ஓசை கிடையாது, அழுத்தம் 110 ஆனாலும் சரி, 210 ஆனாலும் சரி. பட்டையால் நாங்கள் நாடியை அரைவாசி நெரித்தபிறகுதான் அது சத்தம் போடுகிறது.

ஓசையில்லாமல் மறைந்திருப்பது அழுத்தம் மட்டுமல்ல, விட்பிக்கும் ஒரு பழைய இரகசியம் உண்டு. ஒன்ராறியோ ஏரிக்கரையில், ஒஷாவா எல்லையோடு ஒட்டியபடி, 1941 டிசம்பர் 6ஆம் திகதி ஓர் உளவுப் பயிற்சி முகாம் தொடங்கியது. பேர்ள் துறைமுகத்தில் குண்டு விழுந்தது அதற்கு அடுத்த நாள். வின்னிபெக்கில் பிறந்த வில்லியம் ஸ்டீபன்சன் அமைத்த அந்த 'காம்ப் எக்ஸ்' இருந்த இடத்தில் இப்போது ஒரு பூங்காவும் நினைவுக்கல்லும் இருக்கின்றன. பிரித்தானியரோடு அமெரிக்கரும் அங்கே பயின்றார்கள். அந்தப் போர்க்காலத்தில் அதைவிடப் பெரிய இரகசியம் ஒன்று வாஷிங்ரனில் இருந்தது: ஜனாதிபதி பிராங்கிளின் ரூஸ்வெல்ற்றின் இரத்த அழுத்தம்.

1937இல் 162/98. 1941 பெப்ரவரியில் 188/105. அவருடைய தனி வைத்தியரான அட்மிரல் மக்கின்ரயர் காது, மூக்கு, தொண்டை நிபுணர். வயதுக்குத் தக்கதுதான் என்று சொல்லிக்கொண்டிருந்தார். 1944 மார்ச்சில்தான் ஹவார்ட் புறூவன் என்ற இளம் இதய வைத்தியரிடம் காட்டினார்கள். அழுத்தம் 186/108. இதயம் வீங்கிப் பெருத்திருந்தது, நுரையீரலின் அடியில் நீர் கட்டத் தொடங்கியிருந்தது. நோர்மண்டியில் தரையிறங்க இன்னும் பத்து வாரம். அந்தப் படைகளுக்கு உத்தரவிட வேண்டியவர் படுத்தால் மூச்செடுக்கத் திணறினார். டிஜிற்றலிஸ் கொடுத்தார்கள், உப்பைக் குறைத்தார்கள், சிகரெட்டைக் குறைக்கச் சொன்னார்கள். அதற்குமேல் கொடுக்க மருந்து இருக்கவில்லை.

அந்த ஆண்டு செப்டெம்பரில் ரூஸ்வெல்ற் கனடாவுக்கு வந்தார், கியூபெக் நகரில் சேர்ச்சிலைச் சந்திக்க. ஒருநாள் இரவு அவர்களுக்கு 'வில்சன்' என்ற புதுப்படம் காட்டினார்கள். முன்னாள் ஜனாதிபதி வூட்ரோ வில்சன் பதவியில் இருக்கும்போதே பாரிசவாதம் வந்து விழுந்த கதை. படம் முடிந்ததும் புறூவன் அளந்தார்: 240/130. 1945 ஏப்ரல் 12, ஜோர்ஜியாவின் வோம் ஸ்பிறிங்ஸ். ஓவியர் ஒருவர் வரைந்துகொண்டிருக்க அமர்ந்திருந்த ரூஸ்வெல்ற், தலையின் பின்புறம் கடுமையாக வலிக்கிறது என்றார். சரிந்தார். புறூவன் அளந்தபோது 300/190. பிற்பகலில் உயிர் போயிற்று. அவருக்கு 63 வயது. மருந்துக்கடை ஐயா சொன்ன பிடரிவலி ரூஸ்வெல்ற்றுக்கும் வந்தது, கடைசி நாளில்.

அன்றைய வைத்தியர்களைத் திட்டுவது எளிது. வயது போகப்போக நாடிகள் ஒடுங்கும், அவற்றினூடே இரத்தத்தைத் தள்ள உடல் தானே அழுத்தத்தைக் கூட்டிக்கொள்கிறது, ஆகவே அதைக் குறைத்தால் ஆபத்து என்பது அக்காலத்துப் பெரிய மருத்துவர்களின் கருத்து. நோயின் மருத்துவப் பெயரிலேயே 'அத்தியாவசியமானது' என்று பொருள் தொனிக்கும் ஒரு சொல் ஒட்டிக்கொண்டு இன்றுவரை கிடக்கிறது. ஐயா சொன்னதற்கும் அவர்கள் சொன்னதற்கும் அதிக தூரமில்லை. ஒன்றும் செய்யவில்லைத்தானே, விட்டுவிடுங்கள்.

இந்தக் கருத்தைச் சாய்த்தது ஒரு சிற்றூர். 1948இல் ஜனாதிபதி ட்ரூமன் கையொப்பமிட்ட தேசிய இதயச் சட்டத்தின் காலத்தில், பொஸ்டனுக்கு அருகிலுள்ள பிறேமிங்ஹாமில், 30 முதல் 62 வயதுவரையான 5,209 பேரைத் தேர்ந்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சோதித்து, யார் யாருக்கு மாரடைப்பு வருகிறது என்று காத்திருந்தார்கள். மருந்து கொடுக்கவில்லை, கத்தி வைக்கவில்லை. பொறுமையாகக் கணக்கு எழுதினார்கள். 1961இல் வில்லியம் கனலும் கூட்டாளிகளும் வெளியிட்ட கட்டுரை, அழுத்தம், கொலஸ்ட்ரோல் போன்றவற்றை 'ஆபத்துக் காரணிகள்' என்று அழைத்தது. அந்தச் சொல் மருத்துவத்தில் நிலைத்தது அதற்குப் பிறகுதான்.

ஆபத்துக் காரணி என்பது நோயல்ல, நோய் வரும் வாய்ப்பின் கணக்கு. 2002இல் பத்து இலட்சம் பேரின் தரவுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த ஆய்வு அதை இப்படி வைத்தது: 40 முதல் 69 வயதுக்குள், மேல் எண் 20 ஏறும் ஒவ்வொரு முறையும் மாரடைப்பாலோ பாரிசவாதத்தாலோ சாகும் வாய்ப்பு இரட்டிக்கிறது. இந்தக் கணக்கு 140இல் தொடங்கவில்லை, 115இலேயே தொடங்கிவிடுகிறது. இதைச் சொன்னால் எங்கள் ஆட்கள் நம்பத் தயங்குவது எனக்கு வியப்பு. ஏழரைச் சனி யாருக்கும் பிடரியில் இழுப்பதில்லை. என்றாலும் சாதகத்தில் அப்படி எழுதியிருந்தால் ஏழரை வருடம் எள்ளெண்ணெய் எரிக்கிறோம். திரையில் 168 என்று எழுதியிருந்தால் மெஷின் பிழை என்கிறோம்.

சரி, அழுத்தம் இதயத்தை என்ன செய்கிறது? குழாயும் பம்பும் என்ற உவமையைப் பாடநூல்கள் விரும்புகின்றன. எனக்கு அது பிடிப்பதில்லை. தண்ணீர்க் குழாய் அழுத்தத்தைத் தாங்கும், அல்லது வெடிக்கும். இரத்தக்குழாய் உயிருள்ளது. அது தாங்குவதற்காகத் தன்னையே மாற்றிக்கொள்ளும். மோசமே அங்கேதான்.

இடது கீழறை ஒரு தசைப்பை. ஐந்து அடிக்குப் பதில் ஏழு அடிக்கு எறியச் சொன்னால், மண்வெட்டி பிடித்தவனின் புயம்போல அதுவும் தடிக்கும். தடித்த தசைக்கு இரத்தம் கூட வேண்டும். இதயத்தசை தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் இரு துடிப்புகளுக்கு நடுவே, ஓய்வெடுக்கும் கணத்தில்தான் பெறுகிறது. தடித்து விறைத்த சுவர் அந்தக் கணத்தில் சரியாகத் தளராது. வேலை கூடியிருக்கிறது, சாப்பாடு குறைந்திருக்கிறது. தளராத அறை நிரம்பாமல், பின்னால் நுரையீரலில் நீர் தேங்கும். ரூஸ்வெல்ற்றின் மூச்சுத்திணறல் அதுதான். இழுபட்ட மேலறை தாளம் தப்பித் துடித்தால் அங்கே இரத்தம் கட்டியாகி மூளைக்குப் போகக்கூடும்.

மாரடைப்புக்குப் போகும் வழி வேறு. அதற்கு நான் அறிந்த மிக அழகான சான்று, விட்பியிலும் ஏஜக்ஸிலும் ஸ்காபரோவிலும் எத்தனையோ தமிழர்களின் நெஞ்சுக்குள் இருக்கிறது. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோவது நாடி, திரும்பக் கொண்டுவருவது நாளம் என்று யாழ்ப்பாணத்தில் படித்தோம். தமிழ்நாட்டில் தமனி, சிரை. கொழுப்புப் படிந்து அடைக்கும் நோய் நாடிகளுக்கு வரும், நாளங்களுக்கு வராது. இரண்டிலும் ஓடுவது ஒரே இரத்தம், ஒரே கொலஸ்ட்ரோல். காலில் உள்ள நீண்ட நாளம் எண்பது வயதிலும் உட்புறம் வழவழப்பாக இருக்கும். பைபாஸ் அறுவையில் அந்த நாளத்தை வெட்டியெடுத்து இதயத்தில் நாடிக்குப் பதிலாகத் தைக்கிறார்கள். அன்றிலிருந்து அதன்மேல் நாடியின் அழுத்தம். சுவர் தடிக்கிறது, கொழுப்பு படிகிறது. பத்து ஆண்டுகளில் அப்படித் தைத்த நாளங்களில் ஏறத்தாழ அரைவாசி அடைபட்டோ ஒடுங்கியோ போகின்றன. எண்பது வருடம் சுகமாயிருந்திருக்கக்கூடிய குழாய், இடம் மாறியதால் நோயாளியாகிறது. கொழுப்பு இல்லாமல் அடைப்பு வராது, உண்மை. அந்தக் கொழுப்பைச் சுவருக்குள் நுழையவிடும் கதவை அடித்தடித்துத் திறப்பதில் அழுத்தத்துக்குப் பெரும் பங்கு.

இடம் மாறிய நாங்களும் கிட்டத்தட்ட அந்த நாளம்போலத்தானா? ஒன்ராறியோவில் இதைத் தேடிய ஆய்வுகள் உண்டு. ஹமில்ற்றனிலுள்ள மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தின் சோனியா ஆனந்தும் குழுவினரும் ஹமில்ற்றன், ரொறன்ரோ, எட்மன்ரன் நகரங்களில் தென்னாசியர், சீனர், ஐரோப்பியர் ஆகிய மூன்று வம்சத்தினரை ஒப்பிட்டு 2000இல் வெளியிட்டார்கள். இதயநோய் மிக அதிகமாகத் தென்னாசியரிடம் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தில், கேரளத்தில் பிறந்த சலிம் யூசுப் நடத்திய 52 நாடுகளின் மாபெரும் ஆய்வு 2004இல் வந்தது. அதன் தொடர்ச்சி 2007இல் தென்னாசியாவைத் தனியே பார்த்தது. முதல் மாரடைப்பின் சராசரி வயது தென்னாசியாவில் 53, மற்ற நாடுகளில் 58.8. ஏறத்தாழ ஆறு வருடம் முந்திவிடுகிறோம். 2006இல் ஒன்ராறியோ முழுவதும் நேரில் அளந்த கணக்கெடுப்பில் பெரியவர்களில் 21.3 வீதத்தினருக்கு உயர் அழுத்தம். கறுப்பினத்தவரிடமும் தென்னாசியரிடமும் அது வெள்ளையரைவிடக் கூடுதல். தென்னாசியர் என்ற அந்தக் கூடைக்குள் பஞ்சாபியும் குஜராத்தியும் வங்காளியும் எங்களோடு ஒன்றாகக் கிடக்கிறார்கள். கூடையைப் பார்த்து உங்கள் வீட்டுக் கைப்பட்டையின் எண்ணை ஊகிக்க முடியாது.

அதே கணக்கெடுப்பில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறோர் எண். உயர் அழுத்தம் உள்ளவர்களில் 65.7 வீதத்தினருக்கு அது மருந்தால் கட்டுக்குள் இருந்தது. 1986 முதல் 1992 வரையான கனேடிய ஆய்வுகளில் இது வெறும் 13 வீதம். உலகில் பல நாடுகள் கனடாவைப் பார்த்துப் பொறாமைப்பட்ட சாதனை இது. குடும்ப வைத்தியர், தாதி, மருந்தாளர் எல்லாருக்கும் ஒரே வழிகாட்டியை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுத்ததுதான் பெரும்பாலும் செய்த வேலை. புது மருந்து எதுவும் வானத்திலிருந்து விழவில்லை. உயர் அழுத்தம் உள்ளவர்களில் 19.5 வீதத்தினர் எந்தச் சிகிச்சையிலும் இல்லை. பிடரி இழுக்கும்வரை காத்திருந்தவர்கள் அவர்களில் எத்தனை பேரோ.

விட்பியிலிருந்து 401ஆம் நெடுஞ்சாலையில் கிழக்கே இரண்டு மணிநேரம் ஓடினால் கிங்ஸ்ரன். அங்கே குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் அர்ஜென்ரீனாவிலிருந்து வந்து குடியேறிய அடொல்போ டி போல்ட், எலிகளின் இதய மேலறையை அரைத்துச் சாறெடுத்து வேறு எலிகளுக்கு ஊசியால் ஏற்றினார். அவை மளமளவென்று சிறுநீர் கழித்தன. சிறுநீரில் உப்பு பல மடங்கு. 1981இல் வெளியான அந்தச் சோதனை, இதயம் வெறும் பம்ப் என்ற எண்ணத்தை உடைத்தது. இரத்தம் கூடித் தான் இழுபடும்போது, 'உப்பை வெளியே தள்ளு' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும் ஹோர்மோனை இதயமே சுரக்கிறது. உப்போடு தண்ணீர் போகும், தண்ணீர் போனால் அழுத்தம் இறங்கும். இன்று மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்குப் போனால் இதயம் களைத்துவிட்டதா என்றறிய அந்த ஹோர்மோனின் உறவுக்காரன் ஒன்றைத்தான் இரத்தத்தில் தேடுகிறார்கள்.

இதயம் உப்பைத் துரத்தப் பாடுபடுகிறது. நாங்கள் மோர்மிளகாய் பொரிக்கிறோம்.

வைத்தியர் உப்பைக் குறைக்கச் சொன்னால் எங்கள் வீட்டில் முதலில் குறைவது சோறு. சோற்றின்மேல் இந்தப் பழி ஏன் விழுந்தது என்று தெரியவில்லை. நாசிகளிடமிருந்து தப்பி அமெரிக்காவுக்கு அகதியாகப் போன வால்ற்றர் கெம்ப்னர் என்ற ஜேர்மன் வைத்தியர், 1940களில், கைவிடப்பட்ட உயர் அழுத்த நோயாளிகளுக்கு வெள்ளை அரிசிச் சோறும் பழமும் பழச்சாறும் சீனியும் மட்டும் கொடுத்தார். பலருக்கு அழுத்தம் இறங்கியது, வீங்கிய இதயம் சுருங்கியது எக்ஸ்ரேயில் தெரிந்தது. அவர் வேலை செய்த ஊரின் பெயர் டேர்ஹம், வட கரோலைனாவில். விட்பி இருக்கும் பிராந்தியத்துக்கும் அதே பெயர்தான். இரகசியம் சோற்றில் இல்லை, அந்தச் சாப்பாட்டில் நாளுக்கு 150 மில்லிகிராம் சோடியத்துக்கும் குறைவு என்பதில். உப்பில்லாச் சோறும் பழமும் மாதக்கணக்கில் தின்னப் பலரால் ஆகாது. நோயாளிகள் அழுதார்கள், ஒளித்துத் தின்றார்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை நாளுக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது ஒரு தேக்கரண்டி உப்புக்குச் சற்றுக் குறைவு. கனேடிய அரசின் 2017ஆம் ஆண்டுக் கணக்கில் கனேடியரின் சராசரி 2,760. அதில் பெரும்பங்கு சமையலறையில் கையால் போட்டதல்ல, பாணிலும் சூப்பிலும் பொதிகளிலும் ஏற்கெனவே இருப்பது. 2026 சனவரி முதல், சோடியம் கூடிய பொதிகளின் முகப்பில் பூதக்கண்ணாடிப் படம் போட்ட கறுப்பு வெள்ளை அடையாளம் கட்டாயம். தமிழ்க் கடைக்குப் போகும்போது மிக்சர்ப் பொதியின் முகத்தைப் பாருங்கள். கடையின் பின்புறம் பொரித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கியிருக்கும் றோல்ஸிலும் பற்றிஸிலும் அந்தப் படம் இராது. கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் படம் தேவையே இல்லை, அவை தங்கள் குணத்தை மறைத்ததில்லை.

பனியைப் பற்றி ஒரு சொல். குளிரில் தோலின் சிறு நாடிகள் சுருங்கும், ஆகவே மாரியில் பலருக்கும் அழுத்தம் சில அலகு கூடும். அதோடு வாசலில் ஈரப்பனி. மூச்சைப் பிடித்துக்கொண்டு, நின்ற இடத்தில் கைகளால் பாரம் தூக்குவது அழுத்தத்தைச் சட்டென்று ஏற்றும் வேலைகளில் ஒன்று. கியூபெக்கில் 1981 முதல் 2014 வரையான பனிக்காலங்களை ஆராய்ந்தவர்கள், 20 சென்ரிமீற்றர் பனி விழுந்த மறுநாள் ஆண்களிடையே மாரடைப்பு இறப்புக்கான வாய்ப்பு 34 வீதம் கூடுவதைக் கண்டார்கள். பெண்களிடம் அப்படித் தெளிவாகத் தெரியவில்லை. யார் கையில் சவள் இருந்தது என்பதை ஊகிக்கலாம்.

இனிக் குளிசை. முதல் நல்ல குளிசைகளில் ஒன்று எங்கள் பக்கத்துச் செடியிலிருந்து வந்தது. சர்ப்பகந்தியின் வேர் அழுத்தத்தைக் குறைக்கிறது என்று 1931இல் கல்கத்தாவில் கணநாத் சென்னும் கார்த்திக் போஸும் எழுதினார்கள். 1949இல் பம்பாயின் ருஸ்தம் ஜல் வக்கீல் பிரித்தானிய இதழொன்றில் எழுதியபிறகுதான் மேற்கு திரும்பிப் பார்த்தது. பிரேசில் நாட்டு விரியன் பாம்பின் நஞ்சிலிருந்து பிறந்த கப்ரோபிரில் 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று நாளுக்கு ஒரு கோப்பிக் காசுக்குக் குறைவான விலையில் நல்ல மருந்துகள் பல வகை உண்டு. 613,815 பேரை உள்ளடக்கிய சோதனைகளை 2016இல் ஒன்றுசேர்த்தபோது, மேல் எண்ணை 10 இறக்கினால் இதயநாடி நோய் 17 வீதமும், பாரிசவாதம் 27 வீதமும், இதயச் செயலிழப்பு 28 வீதமும் குறைவது தெரிந்தது.

ஒரு மருந்தைக் கூட்டிக்கொண்டே போவதா, மூன்றைச் சிறிது சிறிதாகச் சேர்த்துத் தொடக்கத்திலேயே கொடுப்பதா என்ற கேள்விக்கு விடை தேடிய சோதனை நடந்த இடம் இலங்கை. 700 நோயாளிகள், மூன்று மருந்துகளும் குறைந்த அளவில் அடங்கிய ஒரே குளிசை. ஆறு மாதத்தில் இலக்கை எட்டியவர்கள் 70 வீதம். வழமையான முறையில் 55. 2018இல் அது வெளியானது. இலங்கையில் குளிசை விழுங்கிய மனிதர்களின் கைப்பட்டை எண்களை வைத்து இப்போது உலகம் விவாதிக்கிறது.

'மெஷின் பிழை' என்று ஐயா சொன்னதில் கொஞ்சம் உண்மையும் உண்டு. ரொறன்ரோவின் சனிபுறூக் ஆஸ்பத்திரியில் மார்ட்டின் மையர்ஸ் பல ஆண்டுகள் இதைத்தான் ஆராய்ந்தார். வைத்தியர் பக்கத்தில் நின்று அளந்தால் பலருக்கு எண் ஏறும். நோயாளியை அமைதியான அறையில் தனியே விட்டு, இயந்திரம் தானாகப் பல தடவை அளந்து சராசரி எடுத்தால், வீட்டு நிலைமைக்கு நெருங்கிய எண் வரும். 2011இல் அவருடைய குழு சாதாரண குடும்ப வைத்திய நிலையங்களில் இதைச் சோதித்துக் காட்டியது. தடித்த அங்கிக்கு மேலே கட்டிய பட்டை, தொங்கும் கால், சாயாத முதுகு, நிரம்பிய சலப்பை, கதைக்கும் வாய் எல்லாம் எண்ணைக் கூட்டும். கதைப்பது மட்டுமே 10 அலகுவரை ஏற்றலாம். ஆகவே ஒருநாள் எண்ணை வைத்து யாரும் உங்களுக்கு ஆயுள்தண்டனை விதிக்க முடியாது. ஐந்து நிமிடம் அமைதியாக இருந்து, காலையும் மாலையும், ஒரு கிழமைக்கு எடுத்த எண்கள் வேண்டும். 2025இல் வெளியான கனேடிய வழிகாட்டி உயர் அழுத்தத்தின் எல்லையை 130/80க்கு இறக்கியிருக்கிறது. 140 என்று மனப்பாடம் செய்தவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

இதில் பாதியை அன்றைக்கே ஐயாவிடம் சொன்னேன். வைத்தியரிடம் போங்கோ, குளிசையை நீங்களாக நிப்பாட்டக்கூடாது என்றும் சொன்னேன். அவர் கேட்டதுபோலத் தெரியவில்லை.

பங்குனிக் கடைசியில் அதே கதிரையில் மறுபடி கண்டேன். அங்கி மடியில் இருந்தது. கை இன்னும் நுழைக்கவில்லை. கண்ணை மூடியிருந்தார்.

"ஐஞ்சு நிமிசம் இருக்கச் சொன்னவையாம்," என்றார் அம்மா என்னிடம், தாழ்ந்த குரலில். "குளிசை மாத்தித் தந்திருக்கினம். இப்ப எடுக்கிறார்." பிறகு அவரிடம், "இஞ்சருங்கோ, பாணும் வாங்கவேணுமெல்லோ?"

ஐயா வாய் திறக்கவில்லை. ஒரு விரலை மட்டும் தூக்கிக் காட்டினார். பட்டை இறுகியது, தளர்ந்தது. 142/84.

"இப்பவும் எனக்கு ஒண்டும் செய்யேல்லை, தம்பி," என்றார். "அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்தது." சொல்லிவிட்டுத் திரையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எழும்புங்கோ," என்றார் அம்மா. "பின்னால ஆக்கள் நிக்கினம்."